லால்பாக்கில் மரம் பார்க்க ஒரு காலை

பெங்களூரு லால்பாக் தாவரவியல் பூங்காவைப் பற்றித் தமிழ்நாட்டில் யாரிடம் கேட்டாலும் பேச்சு முதலில் மலர்க் கண்காட்சியில்தான் போய் நிற்கும். சுதந்திர தினத்தையும் குடியரசு தினத்தையும் ஒட்டி, ஆண்டுக்கு இருமுறை, கண்ணாடி மாளிகைக்குள் ரோஜாவாலும் சாமந்தியாலும் கோபுரமும் மண்டபமும் எழுப்பிக் காட்டும் அந்த விழாவுக்கு ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வேன் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் போகிறார்கள். திரும்பி வந்ததும் கூட்டத்தில் தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். அந்த அலுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை வைத்து லால்பாக்கை எடைபோடுவதில் நியாயம் இல்லை. 240 ஏக்கர் பரப்புள்ள ஒரு தோட்டத்தில் அவர்கள் பார்த்தது ஒரு கட்டடத்தையும் அதற்கு வெளியே நீண்ட வரிசையையும் மட்டுமே. பூந்தோட்டம் என்று எண்ணிக்கொண்டு போகிறவருக்கு லால்பாக் சுமாரான இடம்தான். மரம் பார்க்க வேண்டும் என்று போகிறவருக்கோ தென்னிந்தியாவின் நகரங்களில் இதற்கு ஈடாக வேறோர் இடத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

நமக்குத் தாவரவியல் பூங்கா என்றால் மனத்தில் எழுவது ஊட்டிதான் என்பதால் இந்தக் குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன். 1848-இல் மெக்ஐவர் என்ற தோட்டக் கலைஞர் அமைக்கத் தொடங்கிய ஊட்டிப் பூங்கா ஒரு மலைச்சரிவு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் புல்வெளியும் பாத்தியும் ஒரே பார்வையில் விரிந்துவிடும். லால்பாக் அப்படித் தன்னை மொத்தமாகக் காட்டிக்கொள்வதில்லை. சமதளத்தில் மரங்கள் ஒன்றையொன்று மறைத்து நிற்கின்றன. ஒரு பாதையில் திரும்பினால்தான் அடுத்த மரம் தெரியும். எனவே நடக்க மனமில்லாதவர்களுக்கு இந்த இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூத்தவர்களுக்கு மின்கல வண்டிகள் உண்டு. அவற்றில் ஒரு சுற்று வருவது வழியை அறிந்துகொள்ள உதவும். மரத்தை அறிந்துகொள்ள இறங்கித்தான் ஆக வேண்டும்.

போகும் நேரம் முக்கியம். பூங்கா காலை 6 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுகிறது. அதிகாலையில் நடைப்பயிற்சிக்கு வருவோருக்குக் கட்டணம் கிடையாது. அதன் பிறகு நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும், கண்காட்சி நாள்களில் அதன் விலை கூடும். வாரநாள் காலையில் வந்தால் சூரியன் மரங்களுக்கிடையே சாய்ந்து விழும் நேரத்தில் பாதைகளில் நடக்கலாம். அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் பசவனகுடி, ஜெயநகர்ப் பக்கத்து முதியவர்களும் மெதுவோட்டக்காரர்களும்தான். நகரின் மையப் பேருந்து நிலையம் இருக்கும் மெஜஸ்டிக்கிலிருந்து பச்சை வழித்தட மெட்ரோவில் நான்காவது நிறுத்தமே லால்பாக். இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் மேற்கு வாயில் வந்துவிடும். தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள் வந்து நிற்கும் சாந்திநகரிலிருந்து வருபவர்களுக்கு வடக்கே உள்ள பிரதான வாயில் வசதி. சொந்த வாகனத்தில் வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது.

எந்த வாயிலில் நுழைந்தாலும் முதலில் பாறைக்குப் போய்விடுங்கள் என்பது என் யோசனை. வெயில் ஏறிவிட்டால் அதன்மேல் நிற்க முடியாது. தோட்டத்தின் நடுவே மரமே இல்லாமல் மொட்டையாக எழும் இந்தக் குன்று, நைஸ் என்று புவியியலாளர்கள் சொல்லும் வகையைச் சேர்ந்த பாறை. வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். தீபகற்பத்தின் அடித்தளமாக இருக்கும் இந்தப் பாறைத் தொகுதிக்குத் 'தீபகற்ப நைஸ்' என்ற பெயரை மைசூர் புவியியல் துறையின் ஸ்மீத் 1916-இல் இட்டார். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் இதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்துப் பலகை வைத்திருக்கிறது. பலகையைப் படித்துவிட்டுப் பெரும்பாலோர் மேலே ஏறிப்போய் நகரத்தைப் படம் எடுக்கிறார்கள். நான் சொல்வது, ஒரு நிமிடம் குனிந்து காலடியைப் பாருங்கள் என்பதே. கருஞ்சாம்பல் நிறத்தினூடே வெளிறிய பட்டைகள், சரியாகக் கலக்காத இருவகை மாவைப் பிசைந்ததுபோல, நெளிந்தும் மடிந்தும் ஓடுகின்றன; சில இடங்களில் அவற்றைக் குறுக்காக வெட்டிக்கொண்டு கைவிரல் அகலத்தில் வேறொரு வெள்ளைக் கோடு நேராகப் போகிறது. பட்டைகள் உருவாகி இறுகிய பிறகு பிளவுக்குள் புகுந்து உறைந்த பாறைக் குழம்பின் தடம் அந்த நேர்க்கோடு. எது முந்தியது, எது பிந்தியது என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு பள்ளி மாணவரே அங்கே நின்று சொல்லிவிடலாம். நிலவியல் பாடத்தை இவ்வளவு எளிதாகச் சொல்லித்தரும் இடம் நகரத்துக்குள் கிடைப்பது அரிது.

பாறையின் உச்சியில் சிறு கோபுரம் ஒன்று நிற்கிறது. பெங்களூரை 1537-இல் நிறுவிய கெம்பேகௌடாவின் பெயரால் வழங்கும் நான்கு எல்லைக் கோபுரங்களில் இது ஒன்று. ஊர் இதுவரைதான் வளரும் என்று குறிக்கப்பட்ட எல்லை, இன்று நகரத்தின் உட்பகுதியாகிவிட்டது. அங்கிருந்து நாலாபுறமும் பார்த்தால் எல்லை எங்கே முடிகிறது என்று கண்ணுக்கு எட்டவில்லை.

தோட்டத்தின் வரலாறு ஹைதர் அலியிடமிருந்து தொடங்குகிறது. 1760-இல், துமகூருப் பக்கத்துச் சிரா என்ற ஊரில் இருந்த முகலாய பாணித் தோட்டத்தை மனத்தில் கொண்டு அவர் இதை அமைக்கத் தொடங்கினார்; அப்போது இதன் பரப்பு இன்றிருப்பதில் ஒரு சிறு பகுதிதான். இந்தப் பணியில் அவர் அமர்த்தியவர்கள் தோட்டக்கலையில் தேர்ந்த திகளர் சமூகத்தினர் என்பது தமிழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. திகளர்களின் மூலம் தமிழகத்தில் இருப்பதாகக் கருதப்படுகிறது. பெங்களூரின் புகழ்பெற்ற கரக விழாவை தர்மராயர் கோயிலில் முன்னின்று நடத்துபவர்களும் அவர்களே. சுல்தான்களையும் துரைகளையும் பற்றி எழுதப்பட்ட அளவில் நூறில் ஒரு பங்குகூட, குழி தோண்டி நீர் ஊற்றிய இந்தக் கைகளைப் பற்றி எழுதப்படவில்லை என்பது என் குறை. திப்பு சுல்தான் தந்தையின் வேலையைத் தொடர்ந்து பாரசீகம், ஆப்கானிஸ்தானம் போன்ற நாடுகளிலிருந்து விதைகளும் செடிகளும் வரவழைத்தார். 1799-இல் அவர் வீழ்ந்த பிறகு தோட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறுப்பில் வந்தது. அதைக் கவனித்துக்கொள்ள அமர்த்தப்பட்ட பெஞ்சமின் ஹெய்ன், தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து தாவரவியலாளரானவர்.

அதன்பின் சில பத்தாண்டுகள் கை மாறி மாறி, கவனிப்பும் ஏறி இறங்கிக் கிடந்த தோட்டம், சென்னை மாகாண வனத்துறையைத் தோற்றுவித்த கிளெக்ஹார்னின் பரிந்துரையால் 1856-இல் அரசுத் தாவரவியல் பூங்காவானது. லண்டனின் கியூ பூங்காவில் பயிற்சி பெற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கண்காணிப்பாளர்களாக வந்தார்கள். அவர்களில் 1874-இல் பொறுப்பேற்ற கேமரனின் பங்கு நம் சமையலறை வரை வந்திருக்கிறது: கூட்டுக்கும் சாம்பாருக்கும் நாம் நறுக்கும் சௌசௌ, இந்தப் பக்கத்தில் பரவியது அவர் காலத்தில் லால்பாக்கிலிருந்துதான். பெங்களூர்க் கத்திரிக்காய் என்று நம் வீடுகளில் அதற்கு வழங்கும் பெயருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. தாவரவியல் பூங்கா என்பது அக்காலத்தில் உலாவுவதற்கான இடமாக இருக்கவில்லை. எந்தப் பயிர் இந்த மண்ணில் பிழைக்கும், எது காசு தரும் என்று சோதிக்கும் பண்ணையாகவே இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு நடந்தால், ஏன் இங்கே அமெரிக்க மரத்துக்கு அருகில் ஆப்பிரிக்க மரமும் அதற்கடுத்து ஜாவா தீவின் மரமும் நிற்கின்றன என்பது விளங்கும்.

மரங்களில் ஒன்றை மட்டும்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் அந்தப் பெரிய இலவ மரத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 200 வயது என்கிறார்கள். தலையணையில் அடைக்கும் இலவம் பஞ்சைத் தரும் அதே மரம்தான். ஊரில் வேலியோரம் ஒல்லியாக, கிளைகளைக் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அந்த இனம் என்று நம்பவே சற்று நேரம் பிடிக்கும். அடிமரம் தரையைத் தொடும் இடத்தில் உருண்டையாக இல்லை. ஆள் உயரத்துக்கும் மேலிருந்து பலகை பலகையாகப் பிரிந்து, ஒவ்வொரு பலகையும் சுவரைப்போல் வளைந்து நெளிந்து, மரத்திலிருந்து பல அடி தள்ளிப் போய் மண்ணுக்குள் இறங்குகிறது. இரண்டு பலகை வேர்களுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரு சிறு அறையின் அளவு இருக்கிறது. வெப்ப மண்டலக் காடுகளில் மேல்மண் ஆழமில்லாத இடத்தில் பெரிய மரங்கள் இப்படி அகல வேர் விரித்துத்தான் காற்றைத் தாங்கி நிற்கின்றன. பட்டையின் நிறம் யானைத் தோலின் சாம்பல். அதில் பல உயரங்களில் கத்தியால் கீறிய பெயர்களும் அம்பு பாய்ந்த இதயங்களும் தழும்பேறிக் கிடக்கின்றன. மரம் பருத்துப் பருத்து எழுத்துகளை அகலமாக்கிக்கொண்டே போயிருக்கிறது. இருநூறு ஆண்டு மரத்தில் தன் காதலை எழுதிவைக்கத் துணிந்தவர்களுக்கு ஒரு நாள் முழுவதும் அங்கே குப்பை பொறுக்கும் தண்டனை தரலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. கோடையில் காய் வெடிக்கும் காலத்தில் போனால் பஞ்சு பறந்துவந்து பாதையெங்கும் படிந்திருக்கும். இலவு காத்த கிளியைப் பரிதாபத்துக்குரியதாகவே கேள்விப்பட்டு வளர்ந்த நமக்கு, இந்த மரத்தில் பறவைகள் நிறைவாகவே குடியிருப்பதைப் பார்ப்பது வேடிக்கையாக இருக்கும்.

நாகலிங்க மரங்களையும் தவறவிடக் கூடாது. சிவன் கோயில்களில் ஒற்றை மரமாக மட்டுமே பார்த்திருப்போம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மரம் தண்டிலேயே கயிறு கயிறாகப் பூங்கொம்புகளை விட்டு, பீரங்கிக் குண்டு அளவுக்குக் காய்களைத் தொங்கவிடுகிறது. காய் விழும் என்பதால் நேர் கீழே நிற்காமல் சற்றுத் தள்ளி நிற்பது நல்லது. மணம் அங்கேயே வந்துவிடும். தூங்குமூஞ்சி மரங்கள் ஒவ்வொன்றும் ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்கு நிழல் விரிக்கின்றன. நேராக, அடுக்கடுக்காக எழும் அரௌகேரியா மரங்களை எல்லோரும் கிறிஸ்துமஸ் மரம் என்றே அழைத்துக் கடந்து போகிறார்கள். தலைவர்கள் நட்ட மரங்கள் என்று ஒரு வரிசை உண்டு. யார் நட்டார் என்பது பலகையில் பெரிதாகவும் என்ன மரம் என்பது சிறிதாகவும் இருப்பது உலகெங்கும் உள்ள வழக்கம், இங்கே மட்டும் மாறுமா? கல்லாய்ப் போன மரத்துண்டு ஒன்றும் காட்சிக்கு இருக்கிறது. விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையில் கல்மரங்களைக் கண்டவர்கள் இதற்காகத் தேடி அலைய வேண்டியதில்லை.

கண்ணாடி மாளிகையைக் கண்காட்சி இல்லாத நாளில் பார்ப்பதே சரி. லண்டனில் 1851-இல் நடந்த உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட 'கிரிஸ்டல் பேலஸ்' என்ற கண்ணாடி அரண்மனையை முன்மாதிரியாகக் கொண்டு, விக்டோரியா அரசியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் 1889-இல் அடிக்கல் நாட்ட, கேமரனின் மேற்பார்வையில் இது கட்டப்பட்டது. 1935-இல் இது மேலும் நீட்டிக் கட்டப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு அடுத்த ஆண்டே லண்டனில் இருந்த மூலக் கட்டடம் தீயில் எரிந்து போயிற்று; சாயலில் எழுந்தது இன்னும் நிற்கிறது. காலியாக இருக்கும்போது உள்ளே பார்த்தால் மெல்லிய வார்ப்பிரும்புத் தூண்களும் அவற்றின் மேல்முனையில் பூவேலை செய்த வளைவுத் தாங்கிகளும் எப்படி ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கின்றன என்பது தெளிவாகத் தெரிகிறது. கண்காட்சி நாளில் இவையெல்லாம் சாமந்திக்குப் பின்னால் மறைந்துபோகும்.

பெங்களூருக்கு இன்றுள்ள மரமுகத்தைத் தந்தவர் ஒருவரைச் சொல்லாமல் இந்தத் தோட்டத்தைப் பற்றி எழுத முடியாது. டிரெஸ்டன் அருகே பிறந்து, கியூவில் பயின்று, பரோடா மன்னரிடம் வேலை பார்த்துவிட்டு, 1908-இல் மைசூர் அரசின் சேவைக்கு வந்த ஜெர்மானியர் கிரும்பிகல், ஆண்டு முழுவதும் நகரத்தில் ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கணக்கில் சாலைகளுக்கு மரங்களைத் தேர்ந்தார். ஒரு சாலை பூத்து ஓயும்போது அடுத்த சாலை தொடங்கும். அவருக்குப் பின் 1932-இல் ஜவராயா முதல் இந்தியக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். பின்னர் வந்த மரிகௌடா தோட்டத்தை விரித்ததோடு, மாநிலம் முழுவதற்கும் தோட்டக்கலையைக் கொண்டுபோனவர். கிரும்பிகலின் கணக்கு இன்றும் வேலை செய்கிறது என்பதால், எந்த மாதத்தில் போவது என்ற கேள்விக்குப் பதில் உங்கள் நிற விருப்பத்தைப் பொறுத்தது. ஆண்டின் தொடக்கத்தில் வசந்தராணி இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாக நிற்கும். கோடை நெருங்கும்போது ஜகரண்டாவின் ஊதா. ஏப்ரல், மே மாதங்களில் குல்மோகரின் சிவப்பு. என்னைக் கேட்டால் பிப்ரவரி இறுதி என்பேன், குளிரும் முழுதாக விட்டிருக்காது, கண்காட்சிக் கூட்டமும் ஓய்ந்திருக்கும்.

மலர்க் கடிகாரத்துக்குக் குழந்தைகள் இருந்தால் ஐந்து நிமிடம் கொடுக்கலாம், இல்லையென்றால் வேண்டாம். போன்சாய்ப் பகுதி அந்தக் கலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும். இலவ மரத்தைப் பார்த்துவிட்டு வந்த கையோடு தொட்டிக்குள் குறுக்கப்பட்ட ஆலமரத்தைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. குதிரைமேல் அமர்ந்திருக்கும் சாமராஜேந்திர உடையாரின் சிலையும் பழைய புறாக்கூண்டும் வழியில் தாமாகவே வந்துவிடும்.

ஏரிக்கரை வேறு கதை. தெற்குப் பக்கத்தில் பரந்து கிடக்கும் இந்த நீர்நிலை இல்லாவிட்டால் தோட்டம் பாதிதான். கரையோர நாணலில் நீலத் தாழைக்கோழி சிவந்த கால்களை எண்ணி வைத்து நடப்பதையும், கூழைக்கடாக்கள் பாரம் ஏற்றிய படகுபோல் மெல்ல மிதப்பதையும், மேலே பருந்துகள் வட்டமிடுவதையும் பைனாகுலர் இல்லாமலே பார்க்கலாம். இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் போய்விடும். கரையில் தின்பண்டம் பிரித்துக்கொண்டு உட்கார வேண்டாம். தண்ணீர்ப் புட்டியைத் தவிர உள்ளே ஏதும் கொண்டுபோகாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது. பசித்தால் பிரதான வாயில் வழியாக வெளியேறினால் மாவள்ளியில், 1924-இல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. காலைச் சிற்றுண்டி நேரத்தில் அங்கே காத்திருக்கத் தயாராகப் போக வேண்டும்.

எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று கேட்பவர்களுக்கு: பாறை, இலவ மரம், கண்ணாடி மாளிகை, ஏரி என்ற வரிசையில் அவசரமில்லாமல் நடந்தால் மூன்று மணி நேரம் போதும். மரங்களின் பெயர் தெரிந்த ஒருவரோடு போனால் அதே பாதைக்கு நாள் முழுவதும் போதாது. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் கோடை விடுமுறையில், மே இறுதியிலோ ஜூனிலோ, இங்கே மாம்பழ, பலாப்பழச் சந்தை நடக்கிறதா என்று முன்னதாக விசாரித்துக்கொண்டு கிளம்பலாம். விளைவித்தவர்களே நேரில் வந்து விற்கும் அந்தச் சந்தைக்கு, மலர்க் கண்காட்சியைவிட நான் அதிக மதிப்பெண் தருவேன். வாங்கிய பழத்தைச் சுமந்துகொண்டு தோட்டத்தைச் சுற்ற முடியாது என்பதால் சந்தையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.